ஜெபாக்கா கம்ப்யூட்டர் ஏன் மெதுவா ஓடுது

ராஜபாளையம்
9 ஜூன் 2025

ஜெபாக்கா,

இது வைரஸ் இல்ல, பயப்படாம தொறங்க. நௌஷீன்தான். படம் இருக்க ஃபோல்டருக்குள்ள இந்த ஃபைல வச்சது நான்தான். வேற எங்கிட்டு வைக்க? போன்ல பிளாக், வாட்ஸப்ல பிளாக், இன்ஸ்டால பிளாக். மெயில் போட்டேன், அதுக்கும் பதில் இல்ல. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பதினோரு கிலோமீட்டர். அதுல உங்க கைக்கு வந்து சேர்ற என் சாமான் இந்த ஹார்ட் டிஸ்க் ஒண்ணுதான்.

ஒங்க ஊரு பொன்னுராஜ் அண்ணன் இங்க மில்லு ஷிப்டுக்கு வரும்போது டிபன் பைக்குள்ள வச்சு கொண்டு வந்து அத்தா செருப்புக் கடையில குடுத்துட்டுப் போறாக. முந்தாநாள் அத்தா கேட்டிருக்காக, "ஏம்ப்பா, பொம்பளப் பிள்ளைக ரெண்டும் பேச்சு வார்த்தை இல்லாம டப்பா மட்டும் மாத்திக்கிடுதுகளே, என்ன சங்கதி?" பொன்னுராஜ் அண்ணன், "மொதலாளி, நான் இதுக்குள்ள குண்டு இருக்குன்னு நினைச்சு தெனமும் பயந்துகிட்டுல்ல தூக்கிட்டு வாரேன்"னாராம். கடையே சிரிச்சிருக்கு. நான் மாடியில இருந்து கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரல.

டிஸ்க்கோட ஒரு துண்டுச் சீட்டு வந்துச்சு. "கலர் பண்ணி அனுப்பு." அம்புட்டுதான். என் பேரு கூட இல்ல.

அக்கா, நான் இன்ஸ்டால போட்ட அந்த வீடியோ. அய்யனார் கோவில் ஓடைகிட்ட நீங்க எடுத்த கல்யாணப் பொண்ணு படம். முதல்ல உங்க ஒரிஜினல், அடுத்து நான் கலர் பண்ணது. "இருட்டுப் படத்துக்கு உயிர் குடுத்தது எப்படி"ன்னு பேரு வேற. நாப்பதாயிரம் பேர் பாத்தாங்க, நான் ஆடிட்டேன். யாரு எடுத்ததுன்னு பேரு போடலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா ஒருத்தன் "எடுத்தவனுக்குக் கண்ணு தெரியாதோ"ன்னு கமெண்டு போட்டான்ல, அதுக்கு நான் சிரிப்பு எமோஜி போட்டேன். நீங்க பாத்தது அதைத்தான்னு தெரியும். மன்னிச்சுருங்கன்னு எழுதத்தான் இந்த ஃபைல். நாலு தடவ அழிச்சு எழுதினேன்.

இன்னொண்ணு. ஒங்க கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுதாமே? "அந்தப் பொண்ணு ஸ்க்ரீனப் பாத்து வைதுகிட்டே இருக்கு"ன்னு பொன்னுராஜ் அண்ணன் சொன்னாக. உள்ள என்ன என்ன இருக்குன்னு எழுதுங்க, என்ன மாத்தலாம்னு நான் பாத்துச் சொல்றேன். இதுல நான் வெறியா இருப்பேன்னு ஒங்களுக்கே தெரியும்.

நௌஷி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஜூன்

ஏட்டி நௌஷீன்,

வேலைய மட்டும் பாரு.

மன்னிப்பக் கேட்டா ஆச்சா? சோழபுரத்து நிச்சயதார்த்த ஆர்டர் ஒண்ணு கைவிட்டுப் போச்சு. அந்த வீட்டுப் பையன் ஒன் வீடியோவ என் முன்னாலயே ஓடவிட்டு, "இது நீங்க எடுத்ததுதானக்கா?"ன்னு கேட்டான். எடுத்தவனாம். எடுத்தவ நான் அங்கனதான் நிக்கேன், காபி டம்ளரக் கையில வச்சிக்கிட்டு.

வேற எடிட்டர் தேடிப் பாத்தாச்சு. ஒருத்தன் எல்லார் மொகத்தையும் பிளாஸ்டிக்காக்கி வைக்கான். ஒருத்தன் தேதி சொல்லுதான், அனுப்ப மாட்டேங்கான். அதான் ஒனக்கு அனுப்புதேன். சமாதானம்னு நினைச்சிராத. மிஷின் மட்டும் ஒழுங்கா ஓடுச்சுன்னா நல்லது கெட்டது பாத்து படம் பிரிக்கிறதோட கலரையும் நானே பாத்துக்கிடுவேன். பொறவு டிஸ்க்கும் வராது, பொன்னுராஜும் வர மாட்டான்.

கேட்டேல்லா, எழுதுதேன். ஐ ஃபைவ், எட்டாவது ஜெனரேஷன். ராம் எட்டு ஜிபி. உள்ள ஐநூறு ஜிபி எஸ்எஸ்டி, பாதி காலிதான். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நீ முந்தி சொன்ன மாதிரி அம்புட்டையும் இந்த டிஸ்க்குலயே வச்சுத்தான் பாக்கேன், உள்ள எதையும் எறக்கல. ஒரு படத்தத் தொட்டா பத்து செகண்டு மங்கலா நிக்கி, பொறவுதான் தெளியுது. அந்த நேரம் பூரா டிஸ்க்கு லைட்டு மட்டும் வெட்டி வெட்டி எரியுது. மூவாயிரம் படத்துக்கு இப்படி ஒக்காந்தா என் ஆயுசு இதுலயே போயிரும்.

ஜெபா


ராஜபாளையம்
17 ஜூன்

ஜெபாக்கா!!!

பதில் போட்டீங்க! மூணு தடவ படிச்சேன். வைதத கூட.

சரி, விஷயத்துக்கு வாரேன். எட்டு ஜிபி ராம்! யக்கா, எட்ட வச்சுக்கிட்டா கல்யாண ஆல்பம் பாக்கீங்க? விண்டோஸே அதுல பாதியத் தின்னுரும். நீங்க படம் பிரிக்கும்போது டாஸ்க் மேனேஜரத் தொறந்து மெமரின்னு இருக்கிறதப் பாருங்க, தொண்ணூறுக்கு மேல நிக்கும், நான் பந்தயம் கட்றேன். பதினாறு ஜிபி ராம் குச்சி ரெண்டு வாங்குங்க. ஜோடியா ஒரே கம்பெனி, ஒரே ஸ்பீடு. ஒத்தக் குச்சி வாங்கிராதீங்க, ரெண்டா இருந்தா ரெண்டு வழியில ஓடும். போர்டுல நாலு ஓட்டை இருந்தா ஒண்ணு விட்டு ஒண்ணுல சொருகணும். சொருகும்போது ரெண்டு பக்கமும் டக்குன்னு சத்தம் கேக்கணும், அந்தச் சத்தம் கேட்டா சந்தோஷமா இருக்கும் பாருங்க!

நான் இருக்க டிஸ்கார்டு ஆன்லைன் குரூப்புல நாலாயிரம் பேரு. ஒங்க மிஷினப் பத்தி அங்க ஒரு போஸ்ட்டே போட்டேன் (பேரு போடாமதான். சத்தியமா. இந்தத் தடவ ஒங்களக் கேலி பண்ண ஒண்ணும் இல்ல). முப்பத்தேழு பேர் பதில் சொன்னாங்க. அதுல ஒருத்தருக்கும் நான் சாப்பிட்டேனான்னு தெரியாது. கூடப் படிச்சவளுக எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிட்டாளுக. அம்மா மாடிக்கு வந்தா, "இந்த டப்பாக் கூடயே குடும்பம் நடத்து"ன்னுட்டு எறங்கிருது. டிஸ்க்கு வாற அன்னைக்குத்தான் எனக்கு ஆளு வந்த மாதிரி இருக்கு.

டிஸ்க்குலயே வச்சு வேல பாக்கிறது நல்லதுதான். அதையே செய்ங்க. போன வருசம் ரெண்டு காப்பி ஆகி, எது சரியானதுன்னு கொழம்பி, கண்ண மூடினபடி நின்ன மாப்பிள்ளையோட மாமனார ஆல்பம் அட்டையில அச்சடிச்சோம்ல. ஒரே டிஸ்க், ஒரே காப்பி. அதான் நம்ம ரூல்.

ராம் வாங்கிட்டு எழுதுங்க. கட்டாயம் எழுதுங்க.

நௌஷி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 ஜூலை

நௌஷீன்,

ராம் போட்டாச்சு. கடைக்காரன் வாரேன் வாரேன்னு மூணு நாள் இழுத்தான். நானே டப்பாவத் தொறந்துட்டேன். குச்சி ரெண்டையும் சொருகுனேன். நீ சொன்ன சத்தம் கேட்டுச்சு. ஸ்விட்சப் போட்டா ஸ்க்ரீன் வரல, எங்கேயோ எலி மாதிரி கீச்சு கீச்சுங்கு. ஒரு பக்கம் சரியா ஒக்காரல போல. திரும்ப அமுக்குனதும் வந்துட்டு. பக்கத்துல யாராச்சும் இருந்திருந்தா காட்டியிருப்பேன். கடைக்கு முன்னால ஒரு ஆட்டோக்காரர் நின்னாரு, அவருகிட்ட "வந்துட்டு அண்ணே"ன்னேன். "சந்தோஷம்மா"ன்னு அவரும் போயிட்டாரு.

மிஷின் இப்ப திணறல. ஆல்பம் டிசைனத் தொறந்து வச்சிக்கிட்டே பாட்டுக் கேக்கலாம். ஆனா அந்தப் பத்து செகண்டு அப்படியேதான் இருக்கு. படத்தத் தொட்டா மங்கல். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுதேன். பத்துல தெளியுது.

இருட்டுப் படம்னு சொன்னேல்லா, அதப் பத்தி ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. அன்னைக்கு ஓடைத் தண்ணி வெயில்ல வெள்ள வெளேர்னு அடிச்சுது. பொண்ணு மொகத்துக்கு வெளிச்சம் வச்சா தண்ணி வெறும் வெள்ளத் தாளாப் போயிரும். வெளுத்தது வெளுத்ததுதான், எந்த சாஃப்ட்வேர்லயும் திரும்ப வராது. இருட்டு வரும். ஒனக்கே தெரியும். அதான் வேணும்னே இருட்டா எடுத்தேன். மொகத்த நௌஷி தூக்கிருவான்னு நம்பி எடுத்தேன். வேற யாரு எடிட் பண்ணுதா இருந்தாலும் அப்படி எடுத்திருக்க மாட்டேன்.

அதப் போயிதான் நீ ஊருக்குக் காட்டுன.

ஆவணியில வத்திராயிருப்புல ஒரு கல்யாணம் வந்திருக்கு. பெரிய தென்னந்தோப்புக்காரவிய. அவியளுக்கு ரெண்டாவது பொண்ணும் இருக்கு. இந்த ஆல்பம் பிடிச்சா அதுவும் எனக்கு. இது கெட்டா நான் ஷட்டர எறக்கிட்டு தூத்துக்குடி அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்மா ஏற்கெனவே அங்கதான் இருக்கு. "எதுக்கு அங்க ஒத்தையில கெடக்க"ன்னு வாரா வாரம் போன்.

கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாவும்ங்காங்க. சரியாவுமா?

ஜெபா


ராஜபாளையம்
8 ஜூலை

அக்கா,

அந்த வீடியோவ எடுத்துட்டேன். நீங்க சொன்னதுக்கு அப்பறம் ஒரிஜினலத் தொறந்து தண்ணியப் பாத்தேன். ஒவ்வொரு சொட்டும் இருக்கு. எனக்கு அன்னைக்கே அது தெரிஞ்சிருக்கணும். படத்தத் தூக்கினது நான்னுதான் நினைச்சேன், எனக்காக விட்டு வச்சது நீங்கன்னு தோணவே இல்ல.

கார்டு. ஆமா, கார்டு போடுங்க.

இப்ப வர்ற டீநாய்ஸ் எல்லாம் ஏஐல ஓடுது. ராத்திரி ரிசப்ஷன்ல எடுத்த புள்ளி புள்ளியான படத்தச் சுத்தம் பண்ண கார்டு இல்லாம ஒரு படத்துக்கு அஞ்சாறு நிமிஷம் ஆவும். கார்டு இருந்தா பத்து பதினஞ்சு செகண்டு! எட்டு ஜிபி மெமரி இருக்கதா பாருங்க. கேம் ஆடுறவங்களுக்குன்னு ஃபேன் மூணு வச்சு லைட்டு எரியுறது ஒங்களுக்கு வேண்டாம், ஒங்க டப்பாவுக்குள்ள நுழையாது, மூடி முட்டும். குட்டை மாடலா ரெண்டு ஃபேன் போதும். டப்பாவுக்குக் கரண்டு குடுக்கிற எஸ்எம்பிஎஸ் நானூத்தம்பது வாட்னா தாங்கும், பின்னாடி ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும், பாத்துருங்க. வாங்குற கடையில பெட்டிய உடைக்கிறதுல இருந்து வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. நான் ஏழு வீடியோ பாத்து, நாலு டெஸ்ட் ரிசல்ட்ட வச்சு, எது ஒங்களுக்குச் சரின்னு கீழ இன்னொரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன்.

பத்து செகண்டு மங்கல் அதுல போகுமான்னு கேட்டீங்க. கொஞ்சம் மாறும்னு நினைக்கேன். பாப்போம்.

தூத்துக்குடிக்குப் போகாதீங்கக்கா.

நௌஷி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஆகஸ்ட்

நௌஷி,

எண்பத்தஞ்சு லென்ஸ வித்துட்டேன்.

சிவகாசிக்காரர் ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாரு. பொம்பளப் பிள்ளை வச்சிருந்த லென்ஸ், கீறல் இல்லாம இருக்குன்னு மெச்சிக்கிட்டாரு. நான் வாங்கின மொத லென்ஸு. ஓடைகிட்ட எடுத்ததும் அதுலதான். அவரு பைக்குள்ள வைக்கப் போறப்ப, "செத்த நேரம் இருங்க"ன்னு வாங்கி, கடை வாசல்ல நின்ன பூக்காரம்மா பாண்டிசெல்விய ஒரு படம் எடுத்துட்டுக் குடுத்தேன். அந்தம்மா "என்னத்துக்கும்மா என்னைய எடுக்க?"ன்னுச்சு. சும்மாதான்னேன்.

அந்தக் காசுல கார்டு வாங்கியாச்சு. நீ எழுதி வச்ச அதே மாடல். நல்லாத்தான் இருக்கு, டீநாய்ஸ் பறக்கு.

ஆனா மங்கல் போகல. பத்துன்னா பத்து. எண்ணிப் பாத்துட்டேன்.

நான் என்ன தப்பு பண்ணுதேன்னு தெரியல நௌஷி. நீ படிச்சுப் பாத்துத்தான் சொல்லுவ, நீ சொன்னதுல தப்பு இருக்காது. என் கையிலதான் கோளாறு. எனக்கு மிஷினு சொன்ன பேச்சு கேக்காதுன்னு எங்கண்ணன் அப்பவே சொல்லுவான். அடுத்து என்ன மாத்தணும்னு சொல்லு. விக்க இன்னும் ஒரு லென்ஸ் இருக்கு.

ஜெபா


ராஜபாளையம்
15 ஆகஸ்ட்

அக்கா,

வேற எதையும் விக்காதீங்க.

வேற எதையும் வாங்கவும் வேண்டாம். நான் இன்னும் கொஞ்சம் செக் பண்ணிட்டுச் சொல்றேன். ஒங்க கை மேல தப்பு இல்ல. அது மட்டும் நிச்சயம்.

இன்னைக்கு எல்லா இடத்துலயும் கொடி. அத்தா கடைக்கு லீவு. அம்மா பிரியாணி போட்டுச்சு. பொன்னுராஜ் அண்ணனுக்கு ஒரு டப்பா குடுத்து விடலாம்னு பாத்தா மில்லும் லீவாம்.

வேற ஒண்ணு எழுதத்தான் ஒக்காந்தேன். அடுத்த தடவ எழுதுறேன்.

நௌஷி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3 செப்டம்பர்

நௌஷி,

வத்திராயிருப்பு முடிஞ்சுது. மூவாயிரத்து இருநூத்திப் பதினாலு படம், எல்லாம் இதுல இருக்கு. மறுநாளே ஒரு வளைகாப்பு இருந்ததால கேமரா கார்டு ரெண்டையும் அழிச்சிட்டேன். நீ சொன்ன மாதிரி ஒரே டிஸ்க், ஒரே காப்பி.

எண்பத்தஞ்சு இல்லாம சங்கடமாத்தான் இருந்துச்சு. மேடைக்குப் பக்கத்துல போயிப் போயி எடுத்தேன். ஒரு பெரியம்மா, "ஏம்மா, நீதான் கல்யாணப் பொண்ணா, மேடையிலயே நிக்க?"ன்னுது. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சாப்பாட்டுக்கு ஒத்தையில ஒக்காந்தேன். முந்தியெல்லாம் நீ எதுக்க ஒக்காந்து என் எலையில இருந்து அப்பளத்த எடுப்ப.

20ஆம் தேதி ஆல்பம் குடுக்கணும்.

நேத்துல இருந்து டிஸ்க்குக்குள்ள டக், டக், டக்குன்னு ஒரு சத்தம் வருது. பல்லிதான் சொவத்துல கத்துதுன்னு நினைச்சேன். டிஸ்க்குதான். பொன்னுராஜ் டிபன் பைய கீழ போட்டிருப்பானோ? கேட்டா, "நான் பச்சப்புள்ள மாதிரில்ல தூக்கிட்டுப் போறேன்"ங்கான். அது ஒண்ணும் செய்யாதுல்லா?

ஜெபா


ராஜபாளையம்
6 செப்டம்பர்

ஜெபாக்கா,

இத பேப்பர்ல எழுதுறேன். டிஸ்க்குக்குள்ள வச்சா அது தொறக்குமான்னே தெரியாது. பையில ரெண்டு டிஸ்க் இருக்கும். கறுப்புதான் நம்ம பழசு, அத எங்கயும் சொருகாதீங்க. சில்வர் கலர் என்னோடது, படம் எல்லாம் அதுல இருக்கு. இந்தத் தாள முழுசாப் படிச்சுட்டு அத சொருகுங்க.

டக் டக் சத்தம்னா டிஸ்க்கு சாகப் போகுதுன்னு அர்த்தம். நீங்க எழுதினத படிச்சேன். உடனே ஒவ்வொரு ஃபோல்டரா என் மிஷினுக்கு எறக்க ஆரம்பிச்சேன். நடுவுல ரெண்டு தடவ நின்னுச்சு. தொட்டா சூடு. அத்தா டேபிள் ஃபேனத் தூக்கிட்டு வந்து அதுக்கு நேரா வச்சாக. ஒண்ணரை நாள். மூவாயிரத்து இருநூத்திப் பதினொண்ணு வந்துருச்சு. மூணு வரல. எம்புட்டோ முயற்சி பண்ணேன் அக்கா. அந்த மூணும் வரல.

இதெல்லாம் என்னாலதான். ஒரே காப்பின்னு சட்டம் போட்டது நான். அது கூடத் தெரியாமப் போட்டதுன்னு சொல்லிக்கலாம். இன்னொண்ணு தெரிஞ்சே செஞ்சது.

ஒங்க கம்ப்யூட்டர் மெதுவா ஓடினது ராமால இல்ல. கார்டு இல்லாததாலயும் இல்ல. இந்த டிஸ்க்காலதான். உள்ள தட்டு சுத்துற பழைய டிஸ்க்கு, அதுல இருந்தே படத்தத் தொறந்தா எந்த மிஷினும் பத்து செகண்டு நிக்கத்தான் செய்யும். அதுலயும் நீங்க முன்னாடி இருக்க கறுப்பு ஓட்டையில சொருகுவீங்க, அது பழைய யுஎஸ்பி, எனக்குத் தெரியும், நான்தான அந்த டப்பாவுக்கு மொதல்ல வயரெல்லாம் மாட்டிக் குடுத்தேன். பின்னாடி நீலக் கலர் ஓட்டையில சொருகியிருந்தாலே பாதி குறைஞ்சிருக்கும். ஒரு கல்யாணத்த மட்டும் உள்ள எஸ்எஸ்டிக்கு எறக்கி அங்க வச்சுப் பாத்திருந்தா தொட்டதும் தெளிஞ்சிருக்கும். பாதி காலியா இருக்குன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. பத்து பைசா செலவு இல்ல.

இது எனக்கு எப்பத் தெரியும்னா, மொத லெட்டர்லயே. லைட்டு வெட்டி வெட்டி எரியுதுன்னு எழுதினீங்கல்ல, அந்த வரியிலயே.

அதே லெட்டர்லதான், மிஷின் வேகமாச்சுன்னா டிஸ்க்கு வராதுன்னும் எழுதியிருந்தீங்க.

நான் ராம்னு எழுதினேன். நான் சொன்னது எதுவும் பொய் இல்ல, ராம் வேணும்தான், கார்டும் நல்லதுதான். முதல்ல சொல்ல வேண்டியத மட்டும் சொல்லல. ரெண்டு தடவ. மங்கல் போகலன்னு எழுத நீங்க திரும்ப வருவீங்க, நான் வேற ஒண்ணு சொல்லுவேன், இப்படியே ஓடும்னு நினைச்சேன். லென்ஸ விப்பீங்கன்னு நினைக்கல. "நீ சொன்னதுல தப்பு இருக்காது"ன்னு எழுதுவீங்கன்னும் நினைக்கல.

ஆகஸ்ட் இருபதாம் தேதி நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். நேர்ல சொல்லிரலாம்னு பஸ் ஏறிட்டேன். ஒங்க ஸ்டுடியோவுக்கு எதுத்தாப்ல டீக்கடையில நின்னேன். கண்ணாடி வழியா நீங்க தெரிஞ்சீங்க. மவுஸத் தட்டுறீங்க, தாடையில கையக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கீங்க, ஒதடு அசையுது. எண்ணுறீங்கன்னு புரிஞ்சுது. நானும் எண்ணினேன். பத்து. மறுபடி தட்டுறீங்க. நாப்பது படம் வரைக்கும் நின்னேன். அப்பறம் பஸ்ஸப் பிடிச்சுட்டேன்.

சில்வர் டிஸ்க்க பின்னாடி நீல ஓட்டையில சொருகுங்க. வத்திராயிருப்பு ஃபோல்டர முழுசா டெஸ்க்டாப்புக்கு எறக்குங்க. அங்க வச்சுத் தொறங்க. நீங்க இன்னும் பிரிக்கலன்னு தெரியும், ஆனா மொகம் எல்லாத்தையும் தூக்கி வச்சுட்டேன், வேண்டாம்னா ஒரு பட்டன்ல பழசாயிரும். சில்வர நீங்களே வச்சுக்கோங்க, எப்பவும் ரெண்டாவது காப்பிக்கு. இனிமே எதையும் எனக்கு அனுப்ப வேண்டியதில்ல.

இதுதான் ஒங்க கம்ப்யூட்டர் மெதுவா ஓடின காரணம்.

நௌஷீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 செப்டம்பர்

நௌஷி,

ஆல்பம் குடுத்தாச்சு. 19ஆம் தேதியே. ரெண்டாவது பொண்ணுக்கும் தை மாசம் நீங்கதான்னு அவிய சொல்லிட்டாவ. தூத்துக்குடிக்குப் போகல.

ஒன் தாளப் படிச்சுட்டு மூணு நாள் ஒனக்கு என்ன எழுதலாம்னு மனசுக்குள்ள வைதுகிட்டே வேல பாத்தேன். நல்ல நல்ல வசவா வந்துச்சு. எழுத ஒக்காந்தா ஒண்ணையும் காணோம். லென்ஸுக்கு ஒன்ன மன்னிக்கல. அது அப்படியே இருக்கட்டும்.

போன மூணு படம் எதுன்னு நம்பர வச்சுப் பாத்தேன். ரெண்டு பந்தியில எலை போட்டது. ஒண்ணு, பொண்ணோட அப்பா பந்தல் காலுக்குப் பின்னால போயி துண்டால கண்ணத் தொடச்சது. யாரும் பாக்கலன்னு நினைச்சு அவரு தொடச்சாரு. அப்படி ஒரு படம் இருந்துச்சுன்னு நான் அவியகிட்ட சொல்லல. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப ஒனக்கும்.

நீ சொன்ன மாதிரி நீல ஓட்டையில சொருகி, உள்ள எறக்கி, தொறந்தேன். படத்தத் தொடுததுக்கு முன்னாலயே தெளிஞ்சு நிக்கி. நான் ஒண்ணுன்னு எண்ண வாயெடுக்கேன், அது முடிஞ்சு போச்சு. மூவாயிரமும் மூணே நாள்ல பிரிச்சிட்டேன். நீ தூக்கி வச்ச மொகத்துல எதையும் நான் மாத்தல. இந்தத் தடவையும் இருட்டாத்தான் எடுத்திருந்தேன், கவனிச்சியா? வெள்ள வேட்டிக்காரவிய நெறைய. அம்புட்டு கோவத்துலயும் கை அப்படித்தான் எடுத்திருக்கு.

இப்ப என்னன்னா, வேல மத்தியானமே முடிஞ்சுருது. பொறவு நான் என்ன செய்யன்னு தெரியல. ஒன் ஏழு வீடியோவுலயும் அதச் சொல்லியிருக்க மாட்டான். முந்தி அந்தப் பத்து செகண்டுல மங்கலான ஆளுகளப் பாத்துக்கிட்டே ஏதாவது நினைச்சிட்டு இருப்பேன். யாரு சாடையில யாரு இருக்கா, இவன் ஏன் சிரிக்கல. அப்படியே, ஒனக்கு என்ன எழுதணும்னும் நினைப்பேன். சாயங்காலம் ஆயிரும். இப்ப நாலு மணிக்கு ஃபேன் சத்தம் மட்டும் கேக்கு. பூக்காரம்மா கூட, "என்ன ஜெபா, வேல இல்லியா?"ன்னு கேக்கா.

அன்னைக்கு டீக்கடையில நின்னேன்னு எழுதியிருக்க. உள்ள வந்திருக்கலாம்லாட்டி. வந்திருந்தா நாற நாற வைதிருப்பேன். வையவாவது ஒரு ஆளு இருந்திருக்கும்.

போன்ல ஒன் பிளாக்க எடுத்து விட மாட்டேன். போன்ல பேசினா நீ சரி சரின்னு சிரிப்பு போட்டு முடிச்சிருவ. எழுதும்போதுதான் நாலு தடவ அழிச்சு எழுதுத.

கறுப்பு டிஸ்க்க பொன்னுராஜ் கிட்ட குடுத்து விட்டிருக்கேன். நீ சொருகாதன்னு சொன்ன, நான் சொருகித்தான் பாத்தேன். இன்னும் ஓடுது. உள்ள இருந்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ரெண்டு டெராபைட்டும் காலி, இந்த ஒரு ஃபைல் மட்டும்தான் இருக்கும். இனிமே அதுல யாரு வீட்டுக் கல்யாணத்தையும் வைக்கக் கூடாது. நம்ம எழுதுதத வைக்கலாம். போனா நம்மளோடதுதான போவும்.

டக் டக்குன்னு சத்தம் வரும். பயப்படாத. அது நிக்கதுக்குள்ள எழுதி அனுப்பு.

ஜெபா